ஷெல்லில் ஃபேக்டோரியல் போட்டது போதும்: செட்டிநாட்டுக் கணினித் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல் என்று இந்த வட்டாரத்துக் கல்லூரிகளில் கணினித் துறையை நடத்துகிறவர்களுக்கும், லேப் சாவியைக் கையில் வைத்திருக்கிறவர்களுக்கும் இந்த மடல். நான் இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவன். பதினோரு வருடம் சென்னையில் குப்பை கொட்டிவிட்டு, 2020-இல் மூட்டை முடிச்சோடு திரும்பி வந்து, செக்காலைப் பக்கம் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் கட்டில் உட்கார்ந்து சர்வர் வேலை பார்க்கிறேன். வருடத்துக்கு மூன்று நான்கு பிள்ளைகள் உங்கள் கல்லூரிகளிலிருந்து என்னிடம் பயிற்சிக்கு வருகிறார்கள். நல்ல பிள்ளைகள். அவர்களை வைத்துத்தான் எழுதுகிறேன்.

போன கோடையில் வந்த ஒரு பையன், மூன்றாம் நாள் காலையில் தன் வேலையை கிட்டில் ஏற்றப் பார்த்திருக்கிறான். (கிட் என்பது கோடின் ஒவ்வொரு நிலையையும் சேமித்துவைத்து, பலர் சேர்ந்து வேலை செய்ய உதவும் கருவி.) கிட் மறுத்துவிட்டது. சர்வரில் உன்னிடம் இல்லாத வேலை இருக்கிறது, முதலில் அதை இழுத்துக்கொள் என்று அது தெளிவாகத்தான் சொல்லும். இவன் அதைப் படிக்கவில்லை. இணையத்தில் தேடி, ‘ஃபோர்ஸ்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் ஏறிவிடும் என்று கண்டுபிடித்து, சேர்த்து, ஏற்றிவிட்டான். கூட இருந்த பெண்ணின் நான்கு நாள் வேலை அந்தக் கிளையிலிருந்து காணாமல் போனது. “அண்ணே, எனக்கு ஏறிருச்சுண்ணே” என்று சந்தோஷமாக வந்து சொன்னான்.

அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் எல்லாம் பத்திரமாக இருந்ததால் பத்து நிமிடத்தில் மீட்டுவிட்டோம். பையன் முகம்தான் அன்று முழுக்கத் தெளியவில்லை. மத்தியானம் அவனைச் சமாதானப்படுத்த, காலேஜில் என்னவெல்லாம் படித்தாய் என்று கேட்டேன். பையிலிருந்து ரெக்கார்டு நோட்டை எடுத்துக் காட்டினான். அட்டை போட்டு, சிவப்பு மையில் மார்ஜின் அடித்து, முத்து முத்தான கையெழுத்து. இருபத்தி இரண்டு லினக்ஸ் கட்டளைகள். ஒவ்வொன்றுக்கும் நோக்கம், வடிவம், வெளியீடு. திரையில் வந்ததைப் பேனாவால் வரைந்திருக்கிறான். ‘ஆர்எம்: ஃபைலை நீக்கப் பயன்படும்’ என்று ஒரு வரி. கீழே ஆசிரியர் கையெழுத்து.

நான் குறை சொல்ல வரவில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் நான் எழுதிய ரெக்கார்டும் இதுவேதான். அதே கட்டளைகள், ஏறக்குறைய அதே வரிசை. அப்புறம் ஷெல் (நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) புரோகிராமிங் என்று ஐந்து பயிற்சிகள்: ஃபேக்டோரியல், ஃபிபனாச்சி, ஒற்றைப்படையா இரட்டைப்படையா, பாலிண்ட்ரோம், மூன்று எண்ணில் பெரியது எது. இத்தனை வருட வேலையில் ஷெல்லில் ஃபேக்டோரியல் கண்டுபிடிக்கும் தேவை எனக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. அழித்துவிட்டுத் தலையில் கை வைத்த தடவைகள் உண்டு.

ஆகவே நான் கேட்பது இதுதான். அந்த ஐந்து பயிற்சிகளை எடுத்துவிட்டு, பிள்ளைகள் தங்கள் கையைத் தாங்களே காத்துக்கொள்ளும் சின்னச் சின்ன ஸ்கிரிப்ட்களை, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஃபைல்களை, எழுத விடுங்கள். அவற்றை ரெக்கார்டு நோட்டில் எழுதவேண்டாம். ஒரு ஃபோல்டரில் போட்டு, கிட்டில் வைத்து, படிப்பு முடிந்து போகும்போது கையோடு கொண்டுபோகட்டும்.

என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். சென்னையில் வேலை பார்த்தபோது ஒரு சர்வரில் க்ரான் வேலைகள், அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள், முப்பதுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தன. நள்ளிரவில் ரிப்போர்ட் எடுப்பது, பழைய லாகை (நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவு) சுருட்டி வைப்பது, வாடிக்கையாளர்களுக்குக் கணக்கு அனுப்புவது என்று. அந்தப் பட்டியலைத் திருத்த ‘க்ரான்டேப் ஹைபன் இ’ என்று அடிக்கவேண்டும். ‘இ’ என்றால் எடிட். கீபோர்டில் இ எழுத்துக்குப் பக்கத்து வீடு ஆர். ‘க்ரான்டேப் ஹைபன் ஆர்’ என்றால் ரிமூவ். முழுப் பட்டியலையும் அழித்துவிடும். நிச்சயமாகவா என்று ஒரு வார்த்தை கேட்காது. அழித்துவிட்டேன் என்றும் சொல்லாது. எடிட்டர் திறக்கும் என்று காத்திருந்தேன். வெறும் கர்சர்தான் மினுங்கியது. மறுபடி பட்டியலைக் கேட்டேன். இந்தப் பயனருக்குப் பட்டியலே இல்லை என்றது.

மீட்ட விதம் சுவாரசியமானது. க்ரான் தான் ஓட்டிய ஒவ்வொரு கட்டளையையும் நேரத்தோடு லாகில் எழுதிவைக்கும். அந்த லாகைத் துழாவி, எது எத்தனை மணிக்கு ஓடியது என்று பார்த்துப் பார்த்துப் பட்டியலை மறுபடி கட்டினேன். விடிந்துவிட்டது. எல்லாம் சரியாயிற்று என்று நினைத்தேன். லாகில் மூன்று வாரம்தான் இருந்தது என்பது அப்போது உறைக்கவில்லை. மாதம் ஒரு தடவை ஓடுகிற இரண்டு வேலைகள் அதில் இல்லவே இல்லை. ஒன்றாம் தேதி வாடிக்கையாளர் கூப்பிட்டு “பில் வரலையே” என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் நான்கு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். தினமும் ஒரு தடவை க்ரான் பட்டியலை ஒரு ஃபைலில் எழுதி கிட்டில் சேர்த்துவிடும். இரண்டாவது ஸ்கிரிப்ட், ‘க்ரான்டேப்’ என்ற பெயரிலேயே ஒரு ஷெல் ஃபங்ஷன். ஹைபன் ஆர் வந்தால் முதலில் பட்டியலை நகல் எடுத்துக்கொண்டு, இந்தச் சர்வரின் பெயரைத் தட்டச்சு செய் என்று கேட்கும். இவை இரண்டும் இன்றுவரை என்னோடு மெஷின் மெஷினாக வருகின்றன. இதை எந்தப் புத்தகத்திலிருந்தும் நான் எடுக்கவில்லை. சூடு பட்ட இடத்தில் போட்ட மருந்து.

ஏதோ நான் ஒருவன்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். கிட்லேப் என்ற நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததை அவர்களே ஒளிவு மறைவில்லாமல் எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். ராத்திரி நேரம், நாள் முழுக்க உழைத்துக் களைத்த ஒரு இன்ஜினியர். துணை டேட்டாபேஸ் சர்வரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, முதன்மை சர்வரின் டேட்டா ஃபோல்டரை அழிக்கத் தொடங்கினார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப்பைத் தேடிப் போனால் அங்கே ஒன்றுமில்லை. பேக்கப் எடுக்கும் கருவியின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தாததால் அது பல நாளாகத் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதாக அது அனுப்பிய மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டுவிட்டன. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் வேறு காரியத்துக்காக எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் நகல்) ஒன்று இருந்ததால் தப்பித்தார்கள். அந்த ஆறு மணி நேர வேலை போனது போனதுதான்.

அந்த இன்ஜினியருக்குக் கட்டளை தெரியாமல் இல்லை. எந்த வீட்டில் நிற்கிறோம் என்பதுதான் தெரியவில்லை. டெர்மினல் எல்லாமே ஒரே கறுப்பு. நான்கு ஜன்னல் திறந்திருந்தால் நான்கும் ஒரே முகம்.

இதற்கு மருந்து மிக எளிது. பிராம்ப்ட் என்று சொல்கிறோமே, கட்டளை அடிக்கும் இடத்துக்கு முன்னால் வருகிற அந்தச் சிறு எழுத்துகள், அதன் நிறத்தை மாற்றிவிட வேண்டும். என் சொந்த மெஷின் பச்சை, சோதனை சர்வர் மஞ்சள், வாடிக்கையாளர் பணம் புழங்கும் சர்வர் பளிச்சென்ற சிவப்புப் பின்னணி. சர்வரின் பெயரைப் பார்த்து நிறத்தை முடிவுசெய்ய ஆறேழு வரி போதும். இதைச் செய்துகொள்ளாத ஆளுக்கு நான் அந்த சர்வரின் சாவியைக் கொடுப்பதில்லை.

இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கதை உண்டு, பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். பழைய ஐபிஎம் 4341 பெருங்கணினியில் அவசரத்துக்கு அணைக்க ஒரு பெரிய சிவப்புப் பொத்தான் இருந்தது. அங்கே வேலை பார்த்த புரோகிராமர் ஒருவரின் சின்ன மகள், மோலி என்று பெயர், ஒரே நாளில் இரண்டு தடவை அதை அழுத்திவிட்டாள். அதன்பிறகு பொத்தானுக்கு மேல் பிளாஸ்டிக் மூடி போட்டார்கள்; அந்த மூடிக்கு மோலிகார்டு என்றே பெயர் நின்றுவிட்டது. இன்று டெபியன் லினக்ஸில் அதே பெயரில் ஒரு சிறு மென்பொருள் இருக்கிறது. தூரத்திலிருந்து இணைந்திருக்கும் சர்வரை அணைக்கவோ ரீபூட் செய்யவோ சொன்னால், அந்த சர்வரின் பெயரை அடி பார்ப்போம் என்று கேட்கும். தவறான ஜன்னலில் நிற்கிறவர் தவறான பெயரைத்தான் அடிப்பார். உடனே நின்றுவிடும். ஆமாவா இல்லையா என்று கேட்டால் விரல் தானாக ‘ஆமா’வைத் தட்டிவிடும். பெயரைக் கேட்டால் மனம் ஒரு கணம் விழிக்கிறது.

என் அப்பத்தா ராத்திரி கதவடைக்கும்போது சாவிக்கொத்தை வெறுமனே இடுப்பில் செருகமாட்டார். முகப்பு, இரண்டாம் கட்டு, சாமி அறை, களஞ்சியம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு சாவியாகத் தொடுவார். சின்ன வயதில் எங்களுக்கு அது சிரிப்பு. இப்போது என் ஸ்கிரிப்ட்கள் போடப்பட்ட ஃபோல்டருக்கு ‘சாவிக்கொத்து’ என்றுதான் பெயர்.

அந்தக் கொத்தில் அதிகம் தேய்ந்த சாவி எது என்றால், அழிப்பதற்கானது. ஆர்எம் கட்டளைக்கு மறுசுழற்சிப் பெட்டி கிடையாது, போனால் போனதுதான். பலர் இதற்குச் சொல்லும் வைத்தியம், ஆர்எம் என்றாலே ஒவ்வொரு ஃபைலுக்கும் கேள்வி கேட்கும்படி ஒரு அலியாஸ் (கட்டளைக்கு நாமே வைக்கும் மாற்றுப் பெயர்) போட்டுவிடுவது. எனக்கு அது பிடிக்காது. இரண்டு காரணம். நூறு தடவை கேட்டால் நூற்றியோராவது தடவை படிக்காமலே ‘ஒய்’ தட்டும் பழக்கம் வந்துவிடும். இன்னொன்று, கேட்கும் என்ற நம்பிக்கையில் வளர்ந்த கை, அலியாஸ் இல்லாத வேறொரு மெஷினில் போய் அடித்தால் அங்கே அது கேட்காது.

நான் செய்தது வேறு. ‘குப்பை’ என்று ஒரு தனி ஸ்கிரிப்ட். கொடுத்த ஃபைல்களை அழிக்காமல், ஹோம் ஃபோல்டருக்குள் ஒளித்துவைத்த ஓர் இடத்தில் தேதியும் நேரமும் பெயராக ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, அதற்குள் நகர்த்திவிட்டு, எங்கே போட்டிருக்கிறது என்று ஒரு வரி சொல்லும். முப்பது நாளுக்கு மேல் பழையதை வாரம் ஒரு தடவை இன்னொரு ஸ்கிரிப்ட் காலி செய்யும். பத்துப் பன்னிரண்டு வரிதான். ட்ராஷ்-சிஎல்ஐ என்று இதற்கென்றே நல்ல மென்பொருளும் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் தாங்களே ஒன்று எழுதிப் பார்க்கவேண்டும். எழுதும்போதுதான் கேள்விகள் வரும்: ஒரே பெயரில் இரண்டு ஃபைல் வந்தால்? பெயருக்கு நடுவில் இடைவெளி இருந்தால்? வேறு டிஸ்க்கில் இருக்கும் பெரிய ஃபைல் என்றால் நகர்த்துவது நகலெடுப்பதாக மாறி நேரம் எடுக்குமே? ஃபேக்டோரியலில் இப்படி ஒரு கேள்வியாவது வருமா?

என் தாத்தா ஒரு பெரிய வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். குறிப்பேட்டில் தப்பாக எழுதிவிட்டால் சுரண்டமாட்டார், தாளைக் கிழிக்கமாட்டார். ஒரு கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதுவார்; பழைய எண் கோட்டுக்குக் கீழே படிக்கும்படி இருக்கவேண்டும். பெட்டியடிப் பையனாக வேலை கற்க உட்காருகிறவனுக்கு முதலில் சொல்லித் தருவதே அதுதானாம். கிட் என்ற கருவி 2005-இல்தான் வந்தது. இந்த ஊர்க் கணக்கேடுகளுக்கு அந்தக் குணம் முன்பே இருந்தது.

இடைவெளி என்றதும் ஞாபகம் வருகிறது. 2011-இல் பம்பிள்பீ என்ற லினக்ஸ் மென்பொருளின் நிறுவல் ஸ்கிரிப்டில், அழிக்கவேண்டிய ஃபோல்டரின் பாதைக்கு நடுவே ஒரே ஒரு இடைவெளி தெரியாமல் விழுந்துவிட்டது. விளைவு, உள்ளே ஆழத்தில் இருந்த ஒரு சின்ன ஃபோல்டருக்குப் பதிலாக ‘யுஎஸ்ஆர்’ என்ற முழு ஃபோல்டரும் போனது. நிறுவிப் பார்த்தவர்களின் மெஷின் படுத்துவிட்டது. ஓர் இடைவெளி, அவ்வளவுதான்.

ஸ்டீம் விளையாட்டு மென்பொருளில் 2015 ஜனவரியில் தெரியவந்த பிழை இன்னும் பயங்கரம். அதன் லினக்ஸ் ஸ்கிரிப்ட், தன் ஃபோல்டர் எங்கே என்று கண்டுபிடித்து ஒரு மாறியில் வைத்துக்கொள்ளும். பிறகு அந்த மாறி, ஒரு சாய்கோடு, ஒரு நட்சத்திரக்குறி என்று சேர்த்து எல்லாவற்றையும் அழிக்கும். ஃபோல்டரை வேறு இடத்துக்கு மாற்றி வைத்திருந்த ஒருவரிடம் அந்தக் கண்டுபிடிப்பு தோற்றது. மாறி காலி. மிச்சம் இருந்தது சாய்கோடும் நட்சத்திரமும், அதாவது கணினி முழுவதும். அவருக்கு அழிக்க உரிமை இருந்த ஃபைல் அத்தனையும், பேக்கப்புக்காகச் செருகி வைத்திருந்த வெளி டிஸ்க் உட்பட, காலியானது. அந்த வரிக்கு மேலே எழுதியவர் ‘பயமாக இருக்கிறது’ என்ற பொருளில் ஒரு குறிப்பும் போட்டிருந்தார் என்பதுதான் வேடிக்கை. பயம் வந்தது, காப்பு வரவில்லை.

இதைத் தடுக்க ஸ்கிரிப்டின் தலையில் ஒரு வரி இருக்கிறது. ‘செட்’ என்று எழுதி, ஹைபன் போட்டு இ, யு, ஓ என்ற மூன்று எழுத்துகள், பிறகு ‘பைப்ஃபெயில்’. இ என்றால் ஒரு கட்டளை தோற்றால் அங்கேயே நில். யு என்றால் எங்கேயும் வரையறுக்காத மாறியைப் பயன்படுத்தினால் நில். பைப்ஃபெயில் என்றால் குழாயில் கோத்த கட்டளைகளில் நடுவில் ஒன்று தோற்றாலும் மொத்தமும் தோற்றதாகக் கணக்கு. இதுவும் முழுக் கவசம் அல்ல. இஃப் நிபந்தனைக்குள் ஓடும் கட்டளை தோற்றால் ‘இ’ கண்டுகொள்ளாது. மாறி இருக்கிறது ஆனால் காலி என்றால் ‘யு’ தடுக்காது. ஸ்டீமில் நடந்தது இந்த இரண்டாவது வகை. அதற்கு மாறியின் பெயரை அடைப்புக்குள் எழுதி, முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேர்க்கவேண்டும்; காலியாக இருந்தால் கத்திவிட்டு நின்றுவிடும். அழிக்கும் வரி எதிலும் இது இல்லாமல் மாறியைப் பயன்படுத்தக்கூடாது என்று என் பிள்ளைகளிடம் கறாராகச் சொல்லிவைத்திருக்கிறேன். மாறிகளை மேற்கோள் குறிக்குள் வைக்காமல் விட்டால் ஷெல்செக் என்ற இலவசக் கருவி காட்டிக்கொடுக்கும். விண்டோஸிலிருந்து வரும் பிள்ளைகளின் ஃபைல் பெயர்கள் எல்லாம் ‘பொங்கல் போட்டோ புதுசு இரண்டு’ என்கிற ரகம். நான்கு சொல், நான்கு ஃபைல் என்று ஷெல் எடுத்துக்கொள்ளும்.

டேட்டாபேஸ் பக்கம் ஒன்றே ஒன்று. மைஎஸ்கியூஎல் டெர்மினலில் ‘ஐ ஆம் எ டம்மி’ என்று, ஆமாம், நான் ஒரு மண்டு என்றுதான், ஒரு தேர்வு நிஜமாகவே உண்டு. அதைப் போட்டால், எந்த வரிசை என்று சுட்டாத அப்டேட்டையும் டிலீட்டையும் அது ஏற்காது. நான் தினமும் மண்டுவாகத்தான் உள்ளே நுழைகிறேன். ஒரு வெட்கமும் இல்லை.

அப்புறம் பாஸ்வேர்டு. உங்கள் பிள்ளைகளின் இறுதியாண்டு புராஜெக்டுகளை கிட்ஹப்பில் திறந்து பார்த்திருக்கிறீர்களா? நான் வேலைக்கு எடுக்கும் முன் பார்ப்பேன். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, மின்னஞ்சல் பாஸ்வேர்டு, கிளவுட் சாவி என்று எல்லாம் வெட்டவெளியில் கிடக்கும். சொன்னால், அடுத்த கமிட்டில் (கிட்டில் மாற்றத்தைப் பதிவது) அந்த வரியை நீக்கிவிட்டு “எடுத்துட்டேண்ணே” என்பார்கள். கிட் பழையதையும் வைத்திருக்கும் என்று தெரியாது. தாத்தாவின் கோடு மாதிரிதான், கீழே இருப்பது படிக்கக் கிடைக்கும். வெளியே போன சாவியை மாற்றுவதுதான் ஒரே வழி. அதற்கு முன்னாலேயே தடுக்க, ப்ரீ-கமிட் ஹுக் என்று ஒரு வாசல் கிட்டில் இருக்கிறது. கமிட் ஆகும் முன் ஒரு ஸ்கிரிப்ட் ஓடும். அது தோற்றால் கமிட் நடக்காது. சேர்க்கப்போகும் வரிகளில் பாஸ்வேர்டு என்ற சொல், தனிச்சாவி தொடங்கும் அந்தத் தலைப்பு வரி, அமேசான் சாவிகளின் முதல் நான்கு எழுத்துகள் ஆகியவற்றைக் கிரெப் செய்து தேடினால் பாதிக்கு மேல் பிடிபடும். இன்னும் நன்றாகத் தேட வேண்டுமென்றால் கிட்லீக்ஸ் என்ற கருவி இருக்கிறது. ஒரு சின்ன சிக்கல்: இந்த ஹுக் கோடோடு சேர்ந்து நகலாகாது, ஒவ்வொரு மெஷினிலும் அமைக்கவேண்டும். ஹுக் ஃபோல்டரின் பாதையை கிட்டுக்குப் பொதுவாகச் சொல்லிவிட்டால் எல்லா புராஜெக்டுக்கும் அதுவே காவல்.

கதையின் தொடக்கத்தில் வந்த பையனுக்கு என்ன மருந்து? ஃபோர்ஸ் என்பதற்குப் பதில் ‘ஃபோர்ஸ் வித் லீஸ்’ என்று ஒன்று உண்டு. நான் கடைசியாகப் பார்த்த நிலையிலேயே சர்வர் இருந்தால் மட்டும் ஏற்று, நடுவில் வேறு யாராவது ஏற்றியிருந்தால் நிறுத்து என்று பொருள். அதை ஒரு சின்னப் பெயரில் அலியாஸாக வைத்துக்கொடுத்தேன். மெயின் கிளைக்கு நேராக ஏற்றுவதைத் தடுக்கும் ப்ரீ-புஷ் ஹுக்கை அவனே எழுதினான். ரெஃப்லாக் பற்றியும் சொன்னேன்; கிட் தன் நடமாட்டத்தை வழக்கமாகத் தொண்ணூறு நாள் வரை, எதிலும் சேராமல் தொங்கும் கமிட்களை முப்பது நாள் வரை, நினைவில் வைத்திருக்கும். அதைப் பார்த்ததும் அவன் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, அதற்காகவாவது அதை முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கலாம்.

நம் ஊருக்கென்றே ஒரு ஸ்கிரிப்ட் வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்களுக்குத் தெரியாததல்ல. யுபிஎஸ் இரண்டு மணி நேரம் தாங்கும், இணையப் பெட்டி அதற்கு முன்பே கண்ணை மூடிவிடும். தூரத்து சர்வரில் ஒரு நீண்ட வேலையை ஓட்டிக்கொண்டிருந்தால் இணைப்பு அறுந்ததும் வேலையும் சாகும். டிமக்ஸ் என்ற கருவிக்குள் ஓட்டினால் சாகாது. சாயங்காலம் கரண்ட் வந்ததும் விட்ட இடத்தில் போய் உட்காரலாம். சர்வருக்குள் நுழைந்ததுமே பழைய டிமக்ஸ் அமர்வு இருந்தால் அதில் சேர், இல்லாவிட்டால் புதிதாகத் திற என்று இரண்டு வரி எழுதிவைத்திருக்கிறேன். சென்னையில் இருந்தவரை இதன் அருமை எனக்குத் தெரியவில்லை.

சரி, உங்கள் பக்கத்துக் கஷ்டங்களும் எனக்குத் தெரியும்.

சிலபஸ் எங்கள் கையில் இல்லை என்பீர்கள். நான் சிலபஸை மாற்றச் சொல்லவில்லை. ‘ஷெல் புரோகிராமிங்’ என்ற தலைப்பு அதில் ஏற்கெனவே இருக்கிறது. நிபந்தனை, சுழற்சி, ஃபங்ஷன், ஃபைல் கையாளல் எல்லாமே குப்பை ஸ்கிரிப்டில் வந்துவிடுகின்றன. பயிற்சியின் பெயர் மட்டும்தான் மாறும்.

லேப் மெஷினைக் கெடுத்துவிடுவார்கள் என்பீர்கள். கெடுக்கட்டும், ஆனால் அதற்கென்று ஒரு மெஷினில். ஒவ்வொரு துறையிலும் ஸ்டோர் ரூமில் பழைய கணினிகள் தூசியோடு கிடக்கின்றன. இரண்டை எடுத்து லினக்ஸ் போட்டு, ‘இதை உடைக்கலாம்’ என்று காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். கொஞ்சம் புதிய மெஷின் என்றால் வர்ச்சுவல் மெஷினில் ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டு உடைக்கலாம். நான் ஒரு தடவை பிள்ளைகளிடம், தலையிலிருந்து மொத்தமாக அழி பார்ப்போம் என்று சொல்லிப் பார்க்கச்சொன்னேன். இப்போதைய ஆர்எம், வெறும் சாய்கோட்டை மட்டும் கொடுத்தால் மறுத்துவிடும். பக்கத்தில் நட்சத்திரக்குறியைச் சேர்த்தால் மறுக்காது. அந்தக் குறியை ஷெல் முன்கூட்டியே பிரித்துக் கொடுத்துவிடுவதால், ஆர்எம் சாய்கோட்டைத் தனியாகப் பார்ப்பதே இல்லை. கண்ணெதிரே ஒரு மெஷின் சாவதைப் பார்த்த பிள்ளைக்கு அந்த வித்தியாசத்தை மறுபடி விளக்கவேண்டியதில்லை.

இப்போது ஏஐயிடம் கேட்டாலே ஸ்கிரிப்ட் வந்துவிடுகிறதே, எழுதக் கற்பானேன் என்று ஒரு ஆசிரியர் என்னிடம் நேரிலேயே கேட்டார். நியாயமான கேள்விதான், நானும் கேட்டு வாங்குகிறேன். வாங்கியதைப் படித்துப் பார்க்க ஆள் வேண்டுமே. அந்தப் பையனும் இணையத்தில் கிடைத்த பதிலைத்தான் நம்பினான். பதில் தப்பில்லை, அவன் நின்ற இடத்துக்குத்தான் அது பொருந்தவில்லை. வந்ததை உடனே ஓட்டாமல், முதலில் என்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டும் ஒத்திகை முறையில் ஓட்டும் பழக்கத்தையாவது கொடுங்கள். ஃபோல்டர்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவியில் ‘ட்ரை ரன்’ என்று இருப்பது அதுதான். அதில், எங்கிருந்து எடுக்கிறோமோ அந்தப் பாதையின் கடைசியில் ஒரு சாய்கோடு இருந்தால் ஃபோல்டருக்குள் இருப்பவை மட்டும் போகும், இல்லாவிட்டால் ஃபோல்டரே போகும். கூடவே ‘டிலீட்’ தேர்வையும் போட்டிருந்தால் அந்த ஒரு கோடு பேக்கப்பையே காலி செய்துவிடும். ஏஐ எழுதினாலும் அந்தக் கோட்டைப் பார்க்கவேண்டியது மனிதக் கண்.

மதிப்பெண் எப்படிப் போடுவது என்றும் கேட்டார்கள். ஸ்கிரிப்ட் சரியாக ஓடுகிறதா என்பதற்குப் பாதி. மீதிப் பாதிக்கு, இன்னொரு மாணவர் அதை உடைத்துப் பார்க்கட்டும்: காலிப் பெயர், இடைவெளி உள்ள பெயர், இல்லாத ஃபோல்டர், நடுவில் கன்ட்ரோல் சி. உடையாமல் நின்றால் முழு மதிப்பெண்.

அழகப்பர் 1947-இல் இங்கே கல்லூரி தொடங்கினார். சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். லேப் என்றால் கை வைத்துச் செய்து பார்க்கிற இடம் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு அப்போதிலிருந்தே தெரியும். கணினி லேபில் மட்டும் எப்படி நாம் படம் வரைய ஆரம்பித்தோம் என்று எனக்குப் புரியவில்லை.

வரும் பருவத்தில் ஏதாவது ஒரு துறை, ஒரே ஒரு வகுப்புக்கு, வாரம் ஒரு லேப் பீரியட் இதற்கு ஒதுக்கினால், நானே வந்து உட்காருகிறேன். சம்பளம் வேண்டாம், காபி போதும். என் சாவிக்கொத்து ஃபோல்டரை அப்படியே கொடுத்துவிடுவேன். ஆனால் பிள்ளைகள் அதை முதல் மாதம் திறக்கக்கூடாது, அவரவர் கொத்தை அவரவர் செய்தபிறகு ஒப்பிட்டுப் பார்க்கத்தான். அந்தப் பையனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். ப்ரீ-புஷ் ஹுக் பாடம் அவனுடையது, அதில் நான் தலையிடமாட்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் என்றால் எனக்கு வசதி. அன்று மின்தடை என்று தெரிந்தால் மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்; லேப்டாப்பை முழு சார்ஜில் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவரிடம் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிய பழைய மாணவன்,
செக்காலை, காரைக்குடி